‘கண்டம்’ சொல்லாத கோவர்த்தனன்

குழாயின் நுனியை உதட்டில் வைத்து ஒரு மடக்கு டீசலை உறிஞ்சி, நாக்கில் புரட்டி, கண்ணை மூடி யோசித்து, பிறகு இடதுபுறமாகத் துப்புகிறார் கோவர்த்தனன். வலதுபுறம் வண்டிக்காரர் நிற்பார் என்பதால் எப்போதும் இடதுபுறம்தான். துப்பிய வாயாலேயே முதல் கேள்வி வருகிறது.

"இன்னா துன்னுச்சி இது?"

லாரியைப் பற்றித்தான் கேட்கிறார். நேற்று என்ன டீசல் போட்டார்கள், எந்த டின்னிலிருந்து ஊற்றினார்கள், அந்த டின்னில் அதற்கு முன் என்ன இருந்தது, ஊற்றும்போது மழை பெய்ததா என்று ஒன்று விடாமல் கேட்பார். பானெட்டைத் திறப்பது அதற்கப்புறம்தான். அவசரப்படுகிற வண்டிக்காரரிடம், "வைத்தியர்கிட்ட போனா மொதல்ல வயித்த அறுக்க சொல்லுவியா?" என்று ஒரு முறை முறைப்பார். அந்த முறைப்பில் ஒரு புருவம் மட்டுமே ஏறி இறங்கும். இன்னொன்று இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் கார் கார்புரேட்டர் வழியாகத் தீயைக் கக்கியதில் கருகிப்போய், பிறகு முளைக்கவே இல்லை. அன்றோடு பெட்ரோல் வண்டிகளுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டை போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் அவருடைய கீற்றுக் கொட்டகை இருக்கிறது. ‘இங்கு டீசல் மட்டும்’ என்று தகரத்தில் தாமே எழுதி மாட்டியிருக்கிறார். டாக்டர் ஒருவர் தம் காரைத் தள்ளிக்கொண்டு வந்து கெஞ்சியபோதுகூடத் தகரத்தைத்தான் காட்டினாராம். காரணம் கேட்டால் தத்துவம் பேசுவார்.

"பெட்ரோலுக்கு ஒவ்வொரு தபாவும் நெருப்புக்குச்சி கிழிச்சி வெக்கணும் சார். டீசலு அப்பிடியில்ல. காத்த அமுக்கு, அதுவே பத்திக்கும். கெளப்பி உடற வரைக்குந்தான் அதுக்கு கரண்டு. அப்பறம் மூச்சும் சோறும் வந்துகினு இருந்தா அது யாரையும் ஒண்ணியும் கேக்காது. ரோஷக்காரன் மாதிரி."

ரோஷக்காரன் என்பதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் ஏறும். தம்மைத்தான் சொல்லிக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றும். கேட்டதில்லை. நான் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்துகிற ஆசிரியன். சாயங்காலம் பேச்சுத்துணைக்கு அவருடைய கொட்டகைக்குப் போய்ப் பழைய டயர் ஒன்றின்மேல் உட்காருவேன். வேட்டியில் கறை படும் என்று என் வீட்டில் திட்டுவார்கள். அவர்கள் சொல்வது சரிதான், படுகிறது.

அவருக்கு இன்னும் சில விசித்திரங்கள் உண்டு. இஞ்சினைத் தெலுங்கில் திட்டுவார், தமிழில் கொஞ்சுவார். ஏன் இந்தப் பாகுபாடு என்றால், "தமிழ்ல திட்னா அப்பறமா மனசு கேக்கல சார்" என்பார். தயிர்ச்சோற்றைக் கரண்டியால் சாப்பிடுவார், கையில் டீசல் வாடை போகாது என்பதற்காக. அவர் மனைவி சந்திரம்மா, "வாயில டீசல ஊத்திக்கினு கொப்பளிக்கற மனுஷனுக்குக் கையி நாறுதாம்!" என்று எல்லோர் எதிரிலும் சொல்லிச் சிரிப்பார். கோவர்த்தனன் இன்னொரு கரண்டி எடுத்துக்கொள்வார்.

கொட்டகைக்குள் ஒரு வார்த்தைக்குத் தடை இருக்கிறது. ‘கண்டம்’ என்கிற வார்த்தை. இனி உதவாது என்று ஒதுக்கிவிட்ட வண்டியை லாரி உலகத்தில் கண்டம் என்பார்கள். அதை உச்சரித்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் எழுந்து வெளியே போய் நின்றுதான் மீதிப் பேச்சைப் பேச வேண்டும்.

யுத்த காலத்தில் அவர் ராணுவ லாரிகளைப் பழுது பார்க்கிற ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரத் துரை காலையில் சாக்கட்டியோடு வருவான். இஞ்சினை ஒரு நிமிஷம் பார்ப்பான், கதவில் ஒரு பெருக்கல் குறி போடுவான். குறி விழுந்த லாரி மறுநாள் உடைப்பதற்குப் போய்விடும். ஒரு லாரியில் குறி விழுந்தபோது கோவர்த்தனனுக்குத் தாங்கவில்லை. டீசலைத் தெளிக்கிற நாசில் ஒன்றுதான் அதில் அடைத்திருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் குறியைத் துணியால் துடைத்துவிட்டு, நாசிலைச் சுத்தம் செய்து மாட்டி, துரை டீ குடித்துக்கொண்டிருந்த அறை வாசலுக்கே லாரியை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். துரை கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தான். அன்றைக்கே கோவர்த்தனனுக்கு வேலை போயிற்று.

"வண்டி இன்னா ஆச்சு?" என்று கேட்டேன்.

"வண்டி ஓடிச்சி சார். நான்தான் நின்னுட்டேன்" என்றார், ஏதோ நல்ல பேரம் முடித்தவர் போல.

இப்போது போன மார்ச்சு மாதத்துக்கு வருகிறேன். சத்தியவேட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அந்த மாதம் கவலைதான். ராஜ்ய எல்லையை மாற்றுவதால், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எங்கள் ஊர் சென்னை ராஜ்யத்தில் இல்லை, ஆந்திராவில். எந்த ஆபீசுக்குப் போக வேண்டும், எந்த மொழியில் மனு எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது. பூகோள வாத்தியார் என்பதால் என்னிடம் வந்து கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை என்பதை மிகவும் கௌரவமாகச் சொல்லி அனுப்பினேன். கோவர்த்தனன் மட்டும் எதையும் கேட்கவில்லை. "ஊரு இங்கியேதான் கீது. கோடுதான் நவுந்துகினு போவுது" என்று சொல்லிவிட்டு ஃபில்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எல்லோரையும்விட அதிகமாகக் கலங்கிப்போயிருந்தவர் திருவேங்கடம். மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு பழைய டீசல் லாரியும் வைத்திருக்கிற விவசாயி. நிலம் எப்போதாவது சோறு போடும். லாரிதான் தினமும் போடுகிறது. விறகும் மல்லாக்கொட்டையும் ஏற்றிக்கொண்டு தாமே ஓட்டுவார். அந்த லாரியின் பெர்மிட்டு இனி செல்ல வேண்டுமானால், மாதக் கடைசி வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வண்டியைச் சித்தூர் ஆபீசில் கொண்டுவந்து காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கட்டி இழுத்துக்கொண்டு வரக்கூடாது, சொந்தமாக ஓடிவர வேண்டும். வராவிட்டால் பெர்மிட்டு போயிற்று. பிறகு புதிதாக வாங்குவதற்குத் திருவேங்கடத்துக்கு ஆளும் தெரியாது, வழியும் தெரியாது.

அந்த வாரம் திங்கட்கிழமை யுகாதி. செவ்வாய்க்கிழமை லாரி படுத்துவிட்டது.

இஞ்சினைக் கிளப்புகிற செல்பை அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளிக் கிளப்பினால் ஓடியது, ஆனால் நாலு மைல் போனதும் தும்மித் தும்மி நின்றது. பத்து நிமிஷம் கழித்துத் தள்ளினால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடியது. மறுபடி நாலு மைல். திருவேங்கடம் பயந்துபோய்ச் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்தார். வெள்ளைச் சட்டை, கையில் தோல்பெட்டி. அவர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, டீசல் பம்ப் தேய்ந்துவிட்டது, சூடேறினால் பிடிக்கவில்லை, செல்ப் மோட்டாரும் கருகிவிட்டது, இரண்டையும் கழற்றிச் சென்னைக்கு அனுப்பினால் மூன்று வாரத்தில் வரும் என்றார். அப்படியே, "இந்த வயசுல இதுக்குச் செலவு பண்றதே தண்டம். கண்டம் பண்ணிட்டு வேற பாருங்க" என்றும் சொல்லிவிட்டார்.

இதை அவர் கோவர்த்தனன் கொட்டகைக்கு எதிரில் நின்று சொன்னதுதான் வினை.

கோவர்த்தனன் வெளியே வந்தார். "சார், ஒரு தபா வண்டிய ஓட்டிப் பாத்தீங்களா?"

"அவசியம் இல்லை. நிற்கும்போதே தெரிகிறது."

"நிக்கும்போது அது நல்லாத்தான கீது? ஓடும்போதுதான ஒடம்பு சரியில்ல?"

கம்பெனிக்காரர் சிரித்தார். நீ எந்த வொர்க்‌ஷாப், என்ன சர்டிபிகேட் என்று கேட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கோவர்த்தனன் சாலை நடுவிலேயே நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

"வியாழக்கெழமை இந்த வண்டி தன் கால்ல சித்தூர் போவும். போவலன்னா பட்டறையப் பூட்டி சாவிய உன் கம்பெனிக்கே அனுப்பிச்சிடறேன். அப்பறம் ஸ்பேனரத் தொட்டா நான் என் நைனாவுக்குப் பொறக்கல."

சந்திரம்மா அன்று இரவு அவரோடு பேசவில்லை என்று கேள்வி. பிழைப்பை நடுரோட்டில் வைத்துச் சூதாடுகிறவரோடு எந்தப் பெண்தான் பேசுவாள்? எனக்கே அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோபத்தோடு வியாழக்கிழமை அவர்களோடு லாரியில் நானும் வருவதாகச் சொல்லிவிட்டேன். சித்தூரில் எனக்கும் என் உத்தியோகக் காகிதம் ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், காகிதத்தைத் தபாலிலும் அனுப்பியிருக்கலாம்.

புதன்கிழமை முதலில் செல்ப் விவகாரத்தை எடுத்தார். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார், பிரகாசமாக எரிந்தது. பேட்டரியில் உயிர் இருக்கிறது. ஸ்பேனரின் கைப்பிடியால் மோட்டாரை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார், அதிலும் பழுதில்லை. பிறகு திருவேங்கடத்தைச் செல்பை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, பேட்டரியிலிருந்து ஒவ்வொரு இணைப்பாக விரலால் தொட்டுக்கொண்டு போனார். சேசிஸ் இரும்போடு சேருகிற எர்த்துக் கம்பியின் கிளாம்பைத் தொட்டதும் கையை உதறினார்.

"சுடுது. இங்கதான் கரண்டு மாட்டிக்கினு தவிக்குது. வெளக்குக்குக் கொஞ்சம் கரண்டு போதும், இந்த சந்துலயே பூந்துரும். செல்புக்கு ஆறு மாதிரி வோணும்."

கழற்றினார். கிளாம்புக்கு அடியில் மஞ்சளும் சந்தனமும் அப்பிக் காய்ந்து ஓடாகியிருந்தது. பேட்டரி முனைகளிலும் அப்படியே. யுகாதி அன்று திருவேங்கடத்தின் மனைவி கமலம்மா லாரிக்குப் பூஜை போட்டிருக்கிறார். புது ராஜ்யத்துக்குப் போகிற வண்டி, குறை வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு கிளாம்பாகக் கழற்றச் சொல்லி, உள்ளே வெளியே எல்லாம் பூசிப் பொட்டு வைத்துத் திரும்ப மாட்டச் சொல்லியிருக்கிறார். கோவர்த்தனன் பிளேடால் சுரண்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினார். முறுக்கிய பிறகு, கமலம்மா முகம் வாடியதைப் பார்த்து, குங்குமத்தை எடுத்துக் கிளாம்பின் தலைமேல் ஒரு பொட்டு வைத்தார்.

"மேல வெய்யி. அடியில வெக்காத. சாமி கேக்காது, கரண்டு கேக்கும்."

செல்ப் ஒரே அமுக்கில் சுற்றியது. இஞ்சின் கிளம்பியது. பாதி கண்டம் நீங்கியது என்று நான் சொல்லப்போய், அந்த வார்த்தைக்காக வெளியே அனுப்பப்பட்டேன்.

டீசல் பக்கம் அவ்வளவு சுலபத்தில் பிடிபடவில்லை. வழக்கமான கேள்விகளை எல்லாம் கேட்டார். திருவேங்கடம் அடித்துச் சொன்னார்: "டீசலத் தவர ஒரு சொட்டு எதுவும் ஊத்தல மேஸ்திரி. டின்னும் நம்ப டின்னு." ஃபில்டரைக் கழுவினார், டீசல் குழாயில் புகுந்திருந்த காற்றை எடுத்தார், நாசில்களைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. சுற்றுவட்டத்தில் ஓட்டிப் பார்க்கப் பொழுதில்லை. மறுநாள் விடியற்காலை கிளம்பிவிட்டோம். திருவேங்கடம் ஓட்ட, பக்கத்தில் கமலம்மா, போகிற வழியில் திருச்சானூர் தாயாருக்குச் செலுத்த அவர் காசு முடிந்து வைத்திருந்த மஞ்சள் துணி மடியில். ஓரத்தில் நான். கோவர்த்தனன் உட்காரவில்லை. இஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்று வெளியே ஃபுட்போர்டில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

நாலு மைலில் நின்றது. எட்டு மைலில் நின்றது. நாகலாபுரம் தாண்டியும் நின்றது. ஒவ்வொரு தடவையும் கோவர்த்தனன் பம்பின் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக் காற்றெடுத்து, வண்டியைத் தெலுங்கில் திட்டிக் கிளப்பினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சித்தூருக்கு இன்னும் எழுபது மைலுக்குமேல். பிச்சாட்டூருக்கு முன்னால் மறுபடி நின்றபோது திருவேங்கடம் ஸ்டியரிங்கின்மேல் தலையை வைத்துக்கொண்டுவிட்டார்.

"கம்பெனிக்காரன் சொன்னத கேட்டிருக்கணும் மேஸ்திரி. பேசாம கெடக்குது உடு. எவனாவது லாரிக்காரன் வந்தா கட்டி இழுத்துக்கினு ஊருக்குத் திரும்பிப் போயிடலாம்."

"எழுந்து எறங்கு. பூட்ட வேண்டியது என் பட்டற, நீ ஏன் அழுதுகினு கீற?" என்றார் கோவர்த்தனன்.

சொல்லிவிட்டு அவரும் வேலையைத் தொடவில்லை. சாலையோரத்தில் குந்தி உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். மனிதர் தோற்றுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் அவர் காத்திருந்தார். பிறகு எழுந்து, காற்றெடுக்காமல், எதையுமே தொடாமல், செல்பை அமுக்கச் சொன்னார். கிளம்பியது.

"நிறுத்து!" என்று கத்தினார். "பாத்தீங்களா சார்? நான் காத்தெடுத்ததனால அது ஓடல. நின்னதனால ஓடுது. ஓடும்போது எதுவோ போய் தொண்டைய அடைக்குது. நின்னா அதுவே உழுந்துடுது. பம்ப் தேஞ்சா இப்பிடி வெளையாடாது."

டேங்கிலிருந்து வருகிற குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினார். நாக்கில் புரட்டினார். கண்ணை மூடினார். இந்த முறை துப்ப மறந்துவிட்டார். இருக்கிற ஒரு புருவம் நெற்றிக்கு ஏறியது.

"ஜில்லுன்னு கீது."

நாங்கள் விழித்தோம்.

"டீசலு ஜில்லுன்னு இருக்காது." துப்பினார். வாயைத் துடைத்துக்கொண்டு கமலம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, டேங்குல பச்சக் கற்பூரம் எப்பிடி வந்துச்சி?"

கமலம்மா மறைக்கவில்லை. மறைக்க வேண்டியது என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. "தீர்த்தம்ண்ணா. மலையிலருந்து எங்க சின்னம்மா எடுத்துக்கினு வந்தது. ஒரு செம்புதான். பூஜ முடிஞ்சதும் ஊத்தினேன்."

"துளசி?"

"தீர்த்தம்னா துளசி இல்லாமயா?"

"நான் டேங்குல இன்னா ஊத்தினீங்கன்னு தல தலயா அடிச்சிக்கினு கேட்டனே திருவேங்கடம்!"

"நீ டீசலத் தவர இன்னா ஊத்தினன்னு கேட்ட" என்றார் திருவேங்கடம், உண்மையாகவே திகைத்துப்போய். "தீர்த்தத்தப் போய் யாராவது அந்தக் கணக்குல சேப்பாங்களா?"

சேர்க்கமாட்டார்கள்தான். என் வீட்டிலும் சேர்க்கமாட்டார்கள். ஏழுமலையான் தீர்த்தம் ஒரு பொருளைக் கெடுக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் கனவில்கூடத் தோன்றாது. அதனால்தான் திருவேங்கடத்துக்குத் திகைப்பு தீர்ந்ததும் கோபம் வந்தது. கோவர்த்தனன் டேங்கின் அடியிலிருக்கிற மறையாணியைத் திறக்க ஸ்பேனரை எடுத்தபோது குறுக்கே வந்து நின்றார்.

"சாமி தண்ணியால வண்டி கெட்டுச்சின்னு சொல்றியா? அத ரோட்ல ஊத்துவியா? நாலு பேரு காலு படற எடத்துல? பெர்மிட்டு போனாப் போவுது, நான் ஒத்துக்க மாட்டேன்."

கமலம்மாவும் கையைக் கூப்பிவிட்டார். "கால்ல பட வேணாம்ண்ணா. வேற எது வேணாலும் பண்ணு."

மணி பத்தாகிவிட்டது. இந்த இடத்தில் நானாக இருந்தால் கெஞ்சியிருப்பேன். கோவர்த்தனன் கெஞ்சவில்லை.

"யோவ், சாமிய நான் ஒண்ணும் சொல்லல. தீர்த்தம் வாய்க்கு. டேங்குக்கு இல்ல. வாயில ஊத்தினா ஒனக்குப் புண்ணியம், டேங்குல ஊத்தினா அது நேரா அடியில போய்ப் படுத்துக்கும். அதுமேல டீசல் மெதக்கும். துளசி போய்க் கொழா வாயில ஒட்டிக்கும். இது சாமி குத்தமில்ல, ஓட்டை உங்க வூட்டு மூளையில. அந்தச் செம்பக் குடு."

பயணத்துக்கு என்று கமலம்மா கொண்டுவந்திருந்த பித்தளைச் செம்பு. அதை வாங்கி டேங்கின் அடியில் பிடித்து, மறையைத் தளர்த்தினார். சாலையில் ஒரு சொட்டு விழவில்லை. முதலில் வந்தது தண்ணீர். செம்பு கழுத்து மட்டும் நிறைந்து, டீசல் வர ஆரம்பித்ததும் மறையை முறுக்கினார். செம்பை அப்படியே நிழலில் வைத்தார். பிறகு டேங்குக்குள் இறங்குகிற உறிஞ்சுகுழாயை உருவி எடுத்தார். அதன் வாயில் ஒரு துளசி இலை, நடுவில் குழிந்து, கச்சிதமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பியை விட்டுத் துழாவி இன்னும் மூன்று எடுத்தார்.

சிரித்தது நான்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மூன்று டன் லாரியை ஒரு இலை மூன்று நாளாக நிறுத்தி வைத்திருந்தது.

செம்பில் எண்ணெய் மேலே தெளிந்ததும், அதைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்துவிட்டு, செம்பை இரண்டு கையாலும் கமலம்மாவிடம் நீட்டினார். "இந்தாம்மா ஒன் தீர்த்தம். காலு படாத எடமா நீயே பாத்து ஊத்து." கமலம்மா சாலையைத் தாண்டிப்போய், வயல் வரப்பிலிருந்த ஒரு வேப்பமரத்தின் வேரில் ஊற்றி, இலைகளையும் அங்கேயே போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். திருவேங்கடம் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அதன்பிறகு வண்டி நிற்கவில்லை. நாராயணவனம், புத்தூர். திருச்சானூரில் கமலம்மா இறங்கித் துணியைச் செலுத்திவிட்டு வருவதற்குள் இஞ்சினை அணைக்கக்கூடாது என்று கோவர்த்தனன் உத்தரவு. சந்திரகிரி தாண்டிப் பாகாலா ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் ஒரு கூட்ஸ் வண்டிக்காக நின்றபோது, எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம். அவர் மட்டும் இஞ்சினைப் பார்த்துத் தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்தூர் ஆபீஸ் வாசலில் நுழைந்தபோது மணி நாலு. பரிசோதனை அதிகாரி வெளியே வந்தார். வயதானவர், நிதானமானவர். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். இஞ்சினை அணைத்துப் பத்து நிமிஷம் ஆறவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னார். ஒரே அமுக்கு. தாமே ஏறி உட்கார்ந்து ஊரைச் சுற்றி ஆறு மைல் ஓட்டிவிட்டு வந்தார். திருப்தியாக மேஜைக்குப் போய்ப் படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். ரிப்பேர் செய்தவர் யார் என்கிற கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"இஞ்சின் ரிப்பேர் எவரு சேசினாரு? இங்க வொர்க்‌ஷாப் முத்திரை வேணும்."

திருவேங்கடம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முத்திரை வைத்திருக்கிற ஒரே ஆள் அந்தக் கம்பெனிக்காரர். அவர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் பம்ப் போய்விட்டது என்று இருக்கிறது. மணி ஐந்தாகப் பத்து நிமிஷம். இத்தனை தூரம் ஓடிவந்த பெர்மிட்டு ஒரு ரப்பர் முத்திரைக்காகப் போகப்போகிறது.

"நான்தான் சேசினேன்" என்றார் கோவர்த்தனன்.

"முத்திரை?"

"இல்ல."

"முத்திரை இல்லாம நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு வழியில் நின்னா எவரு பொறுப்பு?"

"ஆறு மைலு ஓட்டினீங்களே, நின்னுச்சா சார்?"

"லேது."

"நின்னா நான் பொறுப்பு. சத்தியவேட்ல வந்து கோவர்த்தனன்னு கேளுங்க. கோட்டுக்கு எந்தப் பக்கம் வெச்சாலும் அங்கதான் கீறேன்."

சொல்லிக்கொண்டே வெளியே போனார். பானெட்டைத் தூக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது வலது கட்டைவிரலில் இஞ்சின் ஆயில் கறுப்பாக மின்னியது. படிவத்தைத் தம் பக்கம் திருப்பி, முத்திரை என்று போட்டிருந்த கட்டத்துக்குள் விரலை வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிதானமாக உருட்டி அழுத்தினார். தினமும் பத்திரிகையைத் தலைப்பிலிருந்து விளம்பரம்வரை எனக்கு வாசித்துக் காட்டுகிற மனிதர். நான் பதறிப்போனேன்.

அதிகாரி நிமிர்ந்தார். "எழுதத் தெரியாதா?"

"தெரியும் சார். தமிழ்ல எழுதுவேன், தெலுங்குல எழுதுவேன். எது செல்லும்னு நீங்க நாளைக்கு மாத்துவீங்க. இத எவனும் மாத்த முடியாது."

அதிகாரி அந்தக் கறுப்பு ரேகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, அதற்கு நேர் கீழே கையெழுத்துப் போட்டார். திருவேங்கடம் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

படிவத்துக்கு அடியில் கார்பன் தாளும் அதன் கீழ் இரண்டாவது பிரதியும் இருந்தன. அதிகாரியின் கையெழுத்து கீழே இறங்கியிருந்தது. ரேகை இறங்கவில்லை, அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது. பரவாயில்லை என்று அதிகாரி அதைப் பிரித்துத் திருவேங்கடத்திடம் கொடுக்கப்போனார். கோவர்த்தனன் அவர் கையை மெதுவாக விலக்கி, பிரதியைத் தம் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, கட்டைவிரலை அதிலும் அழுத்தினார்.